“சார், என்ன மருந்து அடிக்கலாம்?”

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் துபாயிலிருந்து பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். சேத்தூரில் அவன் அப்பா போட்டிருக்கும் தக்காளி. காயின் அடிப்பக்கம் பழைய எட்டணா அகலத்துக்குக் கருத்து, உள்வாங்கி, தோல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. படங்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி: “சார், என்ன மருந்து அடிக்கலாம்?”

எனக்கு வரும் விவசாயக் கேள்விகளில் முக்கால்வாசி இந்த வரிதான். “இது என்ன சார்?” என்று கேட்பவர் குறைவு. “ஏன் வந்தது?” என்று கேட்டவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் வலிக்கும் சங்கதி.

படத்துக்குப் பதில் எழுதவில்லை. நேரே அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன். என்னைவிட நாலு வயது மூத்தவர்.

“இதுவரைக்கும் என்ன அடிச்சிருக்கீங்க அண்ணாச்சி?”

“மூணு மருந்து அடிச்சாச்சு சார். மொதல்ல பூசணத்துக்குன்னு குடுத்தாரு. கேக்கலைன்னதும் புழுவுக்குன்னு ஒண்ணு. அப்புறம் என்னமோ டானிக்கு.”

“தண்ணி எப்படிப் பாய்ச்சுறீங்க?”

“அது என்ன, ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கு. கரண்ட் வந்தா அதுபாட்டுக்கு ஓடும். நடுவுல மோட்டார் காயில் போயி பத்துப் பன்னெண்டு நாள் ஓடலை. சரி பண்ணுனதும் ரெண்டு நாளு நல்லா நெறைய விட்டேன்.”

நோய் அந்தப் பதிலில்தான் இருந்தது. தக்காளியின் அடி இப்படிக் கருப்பது பூசணமும் அல்ல, புழுவும் அல்ல. காய் வளரும்போது அதன் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் நகரும். பத்து நாள் காயப்போட்டு, பிறகு ஒரேயடியாக முக்கி எடுத்தால், செடி இழுக்கும் தண்ணீர் இலைக்குப் போய்விடும். காயின் கடைக்கோடிக்கு எட்டாது. மண்ணில் சுண்ணாம்பு நிறையவே இருந்தாலும் இது வரும். இதற்கு மருந்துக்கடையில் மருந்து கிடையாது. ஒரே சீராகத் தண்ணீர் பாய்ச்சுவதுதான் மருந்து. அண்ணாச்சி அடித்த மூன்று டேங்கும் வீண். வீணானதோடு போயிருந்தால் பரவாயில்லை. புழுவுக்கென்று அடித்த மருந்து, அந்தப் பாத்தியில் இருந்த பொறிவண்டையும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றிருக்கும். இனிமேல்தான் அசுவினியும் வெள்ளை ஈயும் வரும். அதற்கு நாலாவது மருந்து தருவார்கள்.

தோட்டத்தில் பூச்சிக்கணக்கையும் தண்ணீர்க்கணக்கையும் நாம் தனித்தனி நோட்டில் எழுதுகிறோம். இரண்டும் ஒரே கணக்கு. அளவுக்கு மேல் தண்ணீரும் யூரியாவும் போட்டால் தளதளவென்று இளந்தளிர் வரும். அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் அதுதான் விருந்து. காயப்போட்டால் இலைப்பேனும் செஞ்சிலந்தியும் ஏறும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி வாடும். வாடியதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சுகிறவர்களை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு சாண் தோண்டி, மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிடித்த உருண்டை உதிராமல் நின்றால் இன்று தண்ணீர் வேண்டாம். இதற்குக் கருவியும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். குனிய வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஏதோ எல்லாம் தெரிந்தவன் போலப் பேசுவதாக நினைக்க வேண்டாம். என் கதையைச் சொல்கிறேன். இதை வீட்டில் சொல்லியிருக்கிறேன், வெளியில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது எங்கள் கிணற்றுத் தோட்டத்தில் அரை ஏக்கர் கத்தரி போட்டிருந்தேன். காய்ப்புழு. பத்துக் காயைப் பறித்தால் நாலு சொத்தை. கடையில் கேட்டேன், மோனோகுரோட்டோபாஸ் கொடுத்தார்கள். ஊரே அடித்த மருந்துதான். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தது. அறிவியல் வாத்தியார் நான், அந்த முக்கோணத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை. அளவுக் குப்பியும் கிடையாது. டேங்குக்கு இத்தனை மூடி என்று கணக்கு. வாரம் ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை அடித்தேன்.

ஒரு சந்தை நாளில் விலை அடிமாட்டுக்கு விழுந்துவிட்டது. வண்டிக்கூலிகூடத் தேறாது. சரி, பிள்ளைகளாவது சாப்பிடட்டும் என்று ஒரு சாக்குக் கத்தரிக்காயைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குக் கொடுத்தேன். அன்று எனக்கு நல்ல பெயர். மருந்து அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

2013 ஜூலையில் பீகாரில் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது என்று பேப்பரில் வந்தது. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குக் கை உதறியது. அங்கே நடந்ததும் நான் செய்ததும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள்.

காய்கறிப் பயிரில் அந்த மருந்தை அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்காகக் காய்கறிக்கு அதை அடித்தவர்களை எனக்குத் தெரியும். உத்தரவு டெல்லியில் இருந்தது, டப்பா இங்கே இருந்தது. நடுவில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நான் அடித்த அத்தனை மருந்தும் அந்தப் புழுவைத் தொட்டிருக்கவே வாய்ப்புக் குறைவு. கத்தரியின் தண்டு, காய்த்துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் அது வீட்டுக்குள் இருக்கிறது. நாம் வெளியே நின்று கூரைக்கு மருந்து அடிக்கிறோம். முதல் அறிகுறி காயில் தெரியாது. நடவு செய்த சில வாரங்களில் நுனிக்குருத்து தலை சாயும். அந்தக் குருத்தைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். அப்போதே கிள்ளி அழித்தால் காய் பிடிக்கும் காலத்தில் தொல்லை பாதி குறையும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் ஆண் அந்துப்பூச்சி அதில் போய் விழும். எத்தனை விழுகிறது என்று எண்ணினாலே அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். இப்போது நான் இப்படித்தான் செய்கிறேன். அப்படியும் பத்துக்கு ஒரு காய் சொத்தை வரத்தான் செய்கிறது. வியாபாரி அதைக் காட்டி விலையைக் குறைப்பார். குறைத்துக்கொள்ளட்டும்.

(இந்த இடத்தில் சொந்தக்காரர்களுக்கு ஒன்று. ஊருக்கு வரும்போதெல்லாம் “நாட்டுக்காய், மருந்தடிக்காத காய்” என்று கேட்கிறீர்கள். ஒரு ஓட்டை இருந்தால் அந்தக் காயைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.)

மருந்து அடிக்காமல் பூச்சி போகுமா என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்தது. வெளிநாட்டுப் பூச்சி. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. விவசாயிகள் அடிக்காத மருந்து கிடையாது. அதன் மேல் இருந்த வெள்ளை மாவு மருந்தை உள்ளே விடவில்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரியைப் பிடுங்கிப் போட்டார்கள். 2010-இல் பெங்களூரில் இருந்த தேசிய ஆய்வு நிலையம் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. கடுகைவிடச் சின்னக் குளவிகள். அதில் ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற ஒன்று மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கும். நம் வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கித் தோட்டந்தோட்டமாக விட்டது. லட்சக்கணக்கான ரூபாய் மருந்து செய்யாததை அந்தக் குளவி ஒரு வருஷத்துக்குள் செய்தது. ஒரு நிபந்தனை மட்டும்தான்: குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது. பலருக்குப் பொறுப்பதற்குக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

அதே கதைதான் இப்போது நம் தென்னையில். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்த சுருள் வெள்ளை ஈ இன்று நம் தோப்புகளிலும் இருக்கிறது. கீழ் மட்டை முழுக்கக் கரி பூசியது போல் கருத்திருப்பதைச் சேத்தூரிலிருந்து தேவதானம் போகிற வழியெல்லாம் பார்க்கலாம். அந்தக் கருப்பைப் பார்த்துப் பயந்து மரத்துக்கு மருந்து அடிக்கிறார்கள். ஈ உட்கார்ந்திருப்பது ஓலையின் அடிப்பக்கம். கருப்பு வேறு விஷயம். ஈ விடும் தேன் போன்ற கழிவு கீழே சிந்தி, அதன் மேல் வளரும் பூசணம். இந்த ஈக்கும் ‘என்கார்சியா’ என்று ஒரு குளவி இருக்கிறது. மருந்து அடிக்காத தோப்பில் அது தானே வந்து சேரும். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுவது, ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை கரைத்துத் தெளிப்பது, இவ்வளவைத்தான் பல்கலைக்கழகமே சொல்கிறது. பசை காய்ந்து உரிந்து விழும்போது கருப்பும் சேர்ந்து விழும். என் தோப்பில் செய்து பார்த்தேன். கருப்பு போனது. ஈ முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கே இரண்டு வருஷம் ஆனது.

மாம்பழத்தைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வீர்கள். சப்பட்டை தின்று வளர்ந்தவர்கள்தானே எல்லாரும். மாவுக்கு ஒரு குணம் உண்டு. பூக்கும் முன்னால் அதைக் கொஞ்சம் பட்டினி போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியில் தோப்புக்குத் தண்ணீர் காட்டினால் மரம் பூவுக்குப் பதிலாகத் தளிரை விடும். காய் கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகுதான் பாய்ச்ச வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு இது தெரியும். சொட்டுநீர் போட்டதும் நமக்கு மறந்துவிட்டது. வால்வைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, வரட்டுமே என்று இருக்கிறோம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். நல்ல காரியம். ஆனால் மணிக்கு 8 லிட்டர் விடும் சொட்டுவான் ஒரு மரத்துக்கு நாலு இருந்தால், இரண்டு மணி நேரத்தில் 64 லிட்டர். இந்தப் பெருக்கலை என் வகுப்பில் படித்தவர்களாவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி முழுக்க ஓடவிடுகிறீர்கள். விவசாய மின்சாரம் 1990-லிருந்து இலவசம். அது இல்லையென்றால் நம் பக்கம் பாதித் தோப்பு இருக்காது, நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் மீட்டர் ஓடாத இடத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதன் பலனைப் போர் போடுகிறவரிடம் கேளுங்கள், வருஷா வருஷம் எத்தனை அடி கூடுதலாக இறக்குகிறார் என்று சொல்வார்.

இன்னொன்று, தோப்பைக் காய்க்குத்தகைக்கு விடுவது. குத்தகைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அந்த ஒரு பருவம்தான் தோப்பு. போட்ட பணத்தை நாலு மாதத்தில் எடுக்க வேண்டும். தத்துப்பூச்சி கண்ணில் படுகிறதோ இல்லையோ, பூவுக்கு ஒன்று, பிஞ்சுக்கு ஒன்று என்று வரிசையாக அடிக்கிறார். பூவில் இருக்கும் தேனீயும் போகிறது. கீழே விழுந்த அழுகல் பழத்தை அள்ளிக் குழிதோண்டிப் புதைக்க அவருக்கு நேரமில்லை. அந்தப் பழத்திலிருந்து பழ ஈயின் புழு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை அங்கேயே தயாராகிறது. தோப்பு உங்களுடையது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு குத்தகைப் பணத்தை மட்டும் வாங்கும் என் மாணவர்களே, குத்தகைச் சீட்டில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். எந்த மருந்து எப்போது அடித்தது என்று எழுதி வைக்க வேண்டும். விழுந்த பழத்தை அள்ள வேண்டும். வாடகை வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் கணக்கைக்கூட எழுதி வாங்குகிறவர்கள்தானே நீங்கள்.

கடைக்காரரைத் திட்டி எழுதச் சொல்லிச் சிலர் கேட்பீர்கள். எழுத மாட்டேன். நாள் முழுக்க முப்பது பேர் வாடிய இலையைக் கொண்டுவந்து நீட்டினால், “ஒன்றும் வாங்காதே, தண்ணீரைச் சரி செய்” என்று சொல்லி அவர் கடை நடத்த முடியுமா? தோட்டக்கலை அலுவலர் ஒருவருக்கு எத்தனையோ கிராமம். அவர் நம் வரப்புக்கு எப்போது வருவார்? எனவே பயிருக்கு டாக்டரும் மருந்துக்கடையும் ஒரே ஆளாக இருக்கிறார். நமக்குக் காய்ச்சல் என்றால் இதை ஒத்துக்கொள்வோமா? என் கருத்தில், சிவப்பு, மஞ்சள் முக்கோண மருந்துகளையாவது, பயிரைப் பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சிவப்புதான் அதிக விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. இதை ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நடக்காத காரியம் என்பீர்கள். இந்தோனேசியாவில் இதைவிடப் பெரிய காரியம் நடந்தது. மருந்து அடிக்க அடிக்க நெல்லில் புகையான் பெருகியது. 1986-இல் அந்த அரசாங்கம் நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. பிறகு விவசாயிகளை வாரம் ஒருமுறை வயலில் உட்காரவைத்து, எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று எண்ணப் பழக்கியது. நம் ஊரிலும் ‘வயல்வெளிப் பள்ளி’ என்று நடத்துகிறார்கள். ஆனால் கையெழுத்து வாங்கி, டீயும் வடையும் கொடுத்து, படம் எடுத்துவிட்டுக் கலைந்த கூட்டங்களுக்கும் நான் போயிருக்கிறேன். எண்ணியவர் யாரும் இல்லை.

ஆகவே நான் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஆறரை மணிக்கு நம் ஊரில் யாராவது ஒருவர் தோட்டத்தில் நடப்போம். பத்துச் செடி, செடிக்கு மூன்று இலை, அடிப்பக்கம் திருப்பிப் பார்ப்பது. ஒரு சாண் தோண்டுவது. நோட்டில் எழுதுவது. பேச்சாளர் கிடையாது, பேனர் கிடையாது. முதல் வாரம் துபாய்க்காரன் அப்பாவின் தக்காளி. அண்ணாச்சி ஒத்துக்கொண்டுவிட்டார், ஆட்டோ ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டதாகச் சொன்னார். புதிதாகப் பிடிக்கும் காயில் அடி கருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியும். நான் சொன்னது தப்பு என்றால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்கள் எனக்குப் படம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அனுப்பும்போது இலையின் மேல்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம், மண்ணைத் தோண்டிக் கையில் வைத்து ஒரு படம். கடைசியாகத் தண்ணீர் விட்ட தேதி. ஏற்கெனவே அடித்திருந்தால் அந்த டப்பாவின் லேபிள், முக்கோணம் தெரிகிற மாதிரி. எனக்குத் தெரியாவிட்டால் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுச் சொல்கிறேன். நீங்களே கேட்பதென்றால் 1800-180-1551, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஸ்பிரேயரைத் தோளில் மாட்டும் முன்னால் அனுப்புங்கள். நான் நாலரைக்கே எழுந்துவிடுவேன்.